சாம்பலா, ஸ்பிரேயா, சொட்டு மருந்தா? வீட்டுக் கோழியின் புண்ணும் பேனும்

பக்கத்து வீட்டுச் சித்தி ஒருநாள் காலையில் சாம்பல் நிறப் பெட்டை ஒன்றை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தார். "இத்தக் கொஞ்சம் பாருப்பா. முதுவுல தோலு கிழிஞ்சி கீது. ஒடம்பெல்லாம் வேற ஊர்து. எத்த மொதல்ல பாக்கறது?"

கோழி வளர்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது "எந்த மருந்து நல்ல மருந்து?" என்றுதான். சித்தி கேட்டது அதைவிட விவரமான கேள்வி. புண்ணுக்குப் போடுவது பேனுக்கு ஆகாது. பேனுக்கு அடிப்பது புண்ணில் பட்டால் வம்பு. இரண்டும் ஒரே கோழியில் இருந்தால் எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம், மலையடிவாரத்தில், இருபது நாட்டுக்கோழிகளோடு பல வருஷமாக மல்லுக்கட்டுகிறவன். இதில் பாதி, தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

புண்: முதலில் கழுவு, பிறகு பேசு

கோழியின் தோல் மெல்லியது, சதையோடு இறுக ஒட்டாதது. அதனால் கிழிசல் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சித்தியின் பெட்டைக்கு இரண்டு விரல் நீளத்துக்குத் தோல் பிரிந்து மடங்கிக் கிடந்தது. அடியில் சிவந்த சதை. ஆனால் சதைக்குள் ஓட்டை இல்லை. இப்படி மேல்தோல் மட்டும் கிழிந்த புண், சுத்தமாக வைத்திருந்தால் நாம் ஆச்சரியப்படும் வேகத்தில் மூடிக்கொள்ளும்.

அதற்குள் இரண்டு எதிரிகள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று ஈ. நம் வேலூர் வெயிலில் ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு நெளியும். இன்னொன்று, கூட இருக்கும் கோழிகள். சிவப்பைக் கண்டால் கொத்தாமல் அவற்றால் இருக்க முடியாது. நல்ல மருந்து போட்டுவிட்டுக் கோழியைத் திரும்பக் கூட்டத்தில் விட்டால் சாயங்காலத்துக்குள் புண் இரண்டு மடங்காகும். ஆகவே மருந்துக்கு முன்னால் தனிக்கூடை.

கழுவுவதற்கு ஒன்றும் வாங்க வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, கிட்டத்தட்ட ஒன்றரை டீஸ்பூன். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சி அடித்தால் மண்ணும் இறகுத்தூளும் வந்துவிடும். சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம், பிடுங்கக் கூடாது. ஏற்கெனவே கிழிந்த தோல் இன்னும் கிழியும்.

இதற்கப்புறம்தான் மஞ்சளா, மருந்தா என்ற கேள்வி வரும்.

மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போடுவது நம் வீடுகளில் தொன்றுதொட்டு நடப்பது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரைத்த விழுதை அப்படியே அப்பினால் வெயிலில் காய்ந்து ஓடுபோல் ஆகிவிடும். மேலே பார்த்தால் புண் ஆறியதுபோல் இருக்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். எண்ணெயில் காய்ச்சிப் போடுவது இதைவிட மேல். கோமாரி வந்த மாட்டின் குளம்புப் புண்ணுக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவத்தில் ஒரு எண்ணெய் சொல்வார்கள்: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், எல்லாவற்றையும் அரைத்து அரை லிட்டர் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைப்பது. நான் அதில் கால் அளவு செய்து பாட்டிலில் வைத்திருக்கிறேன். வாசனைக்கு ஈ கிட்டே வராது, புண்ணும் வறண்டு வெடிக்காது. ஒரே குறை, இறகெல்லாம் எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். பஞ்சில் தொட்டுப் புண்ணில் மட்டும் வைக்க வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசல் கிருமியைக் கொல்வதில் மஞ்சளைவிட உறுதியானது. அப்படியே ஊற்றாமல் தண்ணீர் கலந்து, பால் ஊற்றாத டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து பயன்படுத்த வேண்டும். இரண்டு நாள் போதும். அதற்குமேல் தினமும் ஊற்றினால் புதிதாக வளர்கிற தோலும் எரிச்சலாகும். பொங்கி நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நுரை நல்ல சதையையும் சேர்த்து அரிக்கும். டெட்டாலை நேராக ஊற்றுவதும் அப்படித்தான்.

மாட்டுக்கு அடிக்கும் காய ஸ்பிரேக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கையால் தொடாமல் அடிக்கலாம், ஈயை அண்டவிடாது. ஊதா நிறத்தில் இருந்தால் சிவப்பை மறைப்பதால் மற்ற கோழிகளும் கொத்துவதைக் குறைக்கும். கண், மூக்குப் பக்கம் அடிக்கக் கூடாது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மேலோட்டமான புண்ணுக்கு முதல் இரண்டு நாள் அயோடின், பிறகு மூலிகை எண்ணெய். இதில் எதையாவது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறவர்கள் அதையே போடலாம், பெரிய வித்தியாசம் வராது. கழுவியதும் தனியாக வைத்ததும்தான் முக்கால் பங்கு வேலை செய்கிறது.

நாய், பூனை, கீரி கடித்தது மட்டும் வேறு கதை. வெளியே மிளகளவு ஓட்டைதான் தெரியும், உள்ளே பல் இறங்கிய இடம் குகைபோல் இருக்கும். அதன்மேல் எண்ணெயோ மஞ்சளோ போட்டு மூடினால் அழுக்கை உள்ளே பூட்டி வைத்ததாகும். இன்னொன்று: கோழியின் சீழ் நம்முடையதுபோல் வழிந்து வெளியேறாது. திரிந்த பாலை வடிகட்டியதுபோல் கெட்டியாக உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் கழித்துத் தோலுக்கடியில் கல்லுபோல் ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதுதான். கடிபட்ட கோழியை அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவதுதான் சரி. ஆன்டிபயாட்டிக்கை நாமே அளந்து கொடுப்பது கோழிக்கும் கெடுதல், அதன் முட்டையைத் தின்கிற நமக்கும் கெடுதல்.

புழு வைத்துவிட்டால்? மாட்டுப் புண்ணில் டர்பன்டைன் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுக் கோழிக்கும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள பறவைக்கு அது தாங்காது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துக் கரைத்து இரண்டு சொட்டு விட்டால் புழு தலை நீட்டும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். சீத்தா இலை விழுதும் இதே வேலையைச் செய்யும். இரண்டையும் முதல் நாள் மட்டும் போட வேண்டும். அருவருப்புப் பட்டால் வேலை நடக்காது. காலையில் எடுத்தால் சாயங்காலம் மறுபடி பார்க்க வேண்டும். உள்ளே ஒன்று ஒளிந்துதான் இருக்கும்.

கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் மிளகு மிளகாகப் பொருக்கு கட்டியிருந்தால் அது புண்ணே இல்லை, அம்மை. கொசுவும் அதைப் பரப்பும். பொருக்கைச் சுரண்டி மருந்து போட்டால் நாமே மற்ற கோழிகளுக்குக் கொண்டுபோகிறோம் என்று அர்த்தம். வேப்பெண்ணெய் தொட்டு வைக்கலாம், அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. தடுப்பூசி என்பது நோய் வரும் முன்னே போடுவது. இதில் நாம் பாக்கியசாலிகள்: 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. அம்மைத் தடுப்பு மருந்தும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் அங்கே தயாராகின்றன. (வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் என்று பெயர். அது இமயமலைப் பக்கத்து ஊர், நம் ராணிப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தக் குழப்பம் எனக்கே வெகுநாள் இருந்தது.)

பேன்: மருந்து எது என்பதற்கு முன், பூச்சி எங்கே குடியிருக்கிறது?

நான் அதிகம் ஏமாந்தது இதில்தான்.

ஒரு வருஷம் கோழிகள் கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, ராத்திரியில் கூண்டுக்குள் போகவே மறுத்தன. புளிய மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பகலில் இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பேனாகத்தான் இருக்கும் என்று மூன்று முறை மருந்து அடித்தேன். பலனில்லை. நாலாவது தடவைக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று, ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தைப் பழைய வெள்ளை வேட்டித் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி முழுக்கச் சிவப்புக் கோடு. பலகை இடுக்கில் நகத்தால் நெருடினால் சாம்பல்போல் ஒரு கும்பல் கலைந்து ஓடியது. மறுநாள் என் கையெல்லாம் அரிப்பு.

அது பேன் இல்லை, செல்லு. பகலெல்லாம் பலகை இடுக்கிலும் மூங்கில் கணுவிலும் ஒளிந்திருந்து, ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடும். நம் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் ஒரு தலைமுறை பெருகிவிடும். கோழியே இல்லாமல் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சுவர் வெடிப்பில் வாழும் கோழி உண்ணி இதற்கு அண்ணன். அது வருஷக்கணக்கில் பட்டினி கிடக்கும். இவற்றுக்காகக் கோழிமேல் மருந்து அடிப்பது, திருடன் வெளியே போன நேரம் பார்த்துப் பூட்டை மாற்றாமல் வீட்டுக்காரனைக் குளிப்பாட்டுவது மாதிரி.

பேன் இதற்கு நேரெதிர். பிறந்து சாகும்வரை கோழியின் உடம்பை விட்டு இறங்காது. பகலிலேயே தெரியும். பின்புறத்து இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் குடுகுடுவென்று ஓடும். இறகின் அடித்தண்டில் நொய் ஒட்டவைத்ததுபோல் ஈறு கொத்துக்கொத்தாக இருக்கும். சித்தியின் பெட்டைக்கு இருந்தது இதுதான். கோழிப்பேன் மனிதர்மேல் குடியேறாது, கையில் ஓடினால் தட்டிவிட்டால் போதும்.

மூன்றாவது ஒன்று, தோலுக்குள்ளேயே குடியிருப்பது: காலில் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்துப்போவது. அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, வாஸ்லினோ வேப்பெண்ணெயோ கெட்டியாகத் தடவினால் பூச்சி மூச்சுமுட்டிச் சாகும். மூன்று நாலு வாரம் விடாமல் செய்ய வேண்டும். மண்ணெண்ணெயில் காலை முக்குகிற பழைய வழக்கம் வேண்டாம். நான் ஒருமுறை செய்து, அந்தச் சேவலின் கால் தோல் வெந்து உரிந்து, ஒரு மாசம் நொண்டியது.

நாலு வழிகள், என் தீர்ப்போடு

சாம்பல். அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து வேப்ப மரத்தடியில் குழியில் போட்டுவைத்தால் கோழி தானே புரண்டு குளிக்கும். செலவில்லை, முட்டையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் வந்துவிட்ட பேனை முழுக்கத் தீர்ப்பது சாம்பலால் ஆகாது. வராமல் அடக்கி வைக்கும், அவ்வளவே. கந்தகத் தூள் கொஞ்சம் கலந்தால் சக்தி பல மடங்கு கூடும். கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தார் புழுதித் தொட்டியில் வெவ்வேறு பொடிகளைக் கலந்து பார்த்தபோது, பேனையும், கோழி உடம்பிலேயே வாழும் வேறொரு வகைச் செல்லையும் ஒழிப்பதில் கந்தகமே முன்னால் நின்றது. இன்னொரு விஷயம், அடையில் உட்கார்ந்த கோழியும் உடம்பு முடியாத கோழியும் புழுதியில் புரளப் போகாது. பேன் அதிகம் பிடிப்பதும் அவற்றைத்தான். அடைக்கூடையில் வேப்பிலையும் நொச்சியும் போடுகிற நம் பாட்டிமார் வழக்கத்துக்குக் காரணம் இதுதான். திறந்த புண்ணில் மட்டும் சாம்பல் படக் கூடாது. அதன் காரம் எரிக்கும்.

மூலிகைத் தெளிப்பு. வேப்பிலை, வேப்பங்கொட்டை, பூண்டு, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் வடிகட்டுவது. நல்லதுதான். ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடிக்கப் பொறுமை வேண்டும். ஐந்து கோழி இருந்தால் செய்வேன், இருபதுக்கு என்னால் ஆகவில்லை.

டெல்டாமெத்ரின். மாட்டு உண்ணிக்கு பியூட்டாக்ஸ் என்ற பெயரில் விற்பது. மருந்தகத்தில் கேட்டபோது பேனுக்கு லிட்டருக்கு 1 மில்லி போதும் என்றார்கள். பேன் பலமாகப் பிடித்துவிட்டால் வேகத்தில் இதை மிஞ்ச மற்ற மூன்றாலும் ஆகாது. வேலை செய்கிற விதத்தில்தான் கவனம்: உச்சி வெயிலில் வேண்டாம், மார்கழிச் சாயங்காலத்திலும் வேண்டாம். நனைந்த குஞ்சு விறைத்துச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கையுறை போட்டு, தலையை விட்டு, இறக்கைக்கு அடியிலும் பின்புறத்திலும் நனைய அடித்து வெயிலில் விட வேண்டும். மருந்துக்கு ஈறு சாகாது. நாலு முதல் ஏழு நாளில் அது பொரியும். ஆகவே பத்தாம் நாள் மறுபடி அடித்தே ஆக வேண்டும். "மருந்து சரியில்லை" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது தடவையை விட்டவர்கள். மிச்சத் தண்ணீரை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள், மீனுக்கு அது நஞ்சு.

ஐவர்மெக்டின். ஒட்டுண்ணிகளுக்கான சொட்டு மருந்து. பின்கழுத்துத் தோலில் இரண்டு சொட்டு, வேலை முடிந்தது என்பதால் எல்லோருக்கும் ஆசை. காலில் செதில் தூக்கும் பூச்சிக்கு இது கேட்கும். ஆனால் கோழிப்பேன் இறகையும் தோல் செதிலையும் கடித்துத் தின்கிற ஜாதி, அதனால் ரத்தத்தில் ஓடும் மருந்து அதை அவ்வளவாகத் தொடாது. இந்த மருந்து முட்டையிலும் இறங்கும். மருத்துவர் எடை பார்த்துச் சொன்னால் ஒழிய நான் தொடமாட்டேன்.

நாய்க்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயைக் கோழிக்கு அடிக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதை இந்த நாலில் நான் சேர்க்கவே இல்லை. 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் செல்லுக்காகக் கோழிப்பண்ணைகளில் அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரிந்து, லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்து அழித்தார்கள். நம் வீட்டு முட்டையை யாரும் சோதிக்கப்போவதில்லை, ஆனால் தின்பது நம் பிள்ளைகள். அந்தக் காலத்தில் தாத்தாமார் கோழிக்குத் தூவிய பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துப் பவுடரும் இதே ரகம். 1997-லேயே தடை வந்துவிட்டது, ஆனாலும் சில வீட்டுப் பரணில் இன்னும் ஒரு பொட்டலம் கிடக்கும்.

செல்லுக்கு இந்த எதுவும் முதல் மருந்து இல்லை. கூண்டைக் காலி செய்து, கம்பைக் கழற்றி, எச்சத்தையும் பழைய வைக்கோலையும் எரித்து, பலகை இடுக்குகளில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, காய்ந்தபின் அதே டெல்டாமெத்ரினைக் கூண்டுக்கு அடித்து, கடைசியில் நீற்றுச் சுண்ணாம்பு பூச வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை. என் கூண்டு ஆப்பிள் பெட்டிப் பலகையில் செய்தது, இடுக்கு அதிகம். இரண்டு முறை செய்தும் தீராமல் கடைசியில் அந்தக் கூண்டையே கொளுத்திவிட்டு இரும்புக் கம்பி வலையில் செய்துகொண்டேன். அந்தச் செலவை முதலிலேயே செய்திருக்கலாம். இப்போது பொய்கைச் சந்தையிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் இரண்டு வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகத்தான்.

சித்தியின் பெட்டை

முதல் ஐந்து நாள் புண்ணை மட்டும் பார்த்தோம். தினமும் இரண்டு வேளை கழுவி, முதலில் அயோடின், பிறகு எண்ணெய். கூடையில் மஞ்சள்தண்ணீர் தெளித்த சாக்கு, மேலே கொசுவலைத் துணி. பேனைத் தொடவில்லை; திறந்த புண்மேல் பூச்சிமருந்து படக் கூடாது, ஐந்து நாளில் பேன் கோழியைக் கொன்றும்விடாது. ஆறாம் நாள் புண்ணில் பொருக்கு கட்டிக் காய்ந்தது. அதன்மேல் வாஸ்லின் தடவி மறைத்துவிட்டு, பின்புறத்துக்கும் இறக்கையடிக்கும் மட்டும் மருந்து அடித்தேன். சித்தி வீட்டில் இருந்த மற்ற ஒன்பதுக்கும், சேவலுக்கும் சேர்த்து. ஒன்றை விட்டால் அதிலிருந்து எல்லாவற்றுக்கும் திரும்ப வரும். ராத்திரி கூண்டில் வெள்ளைத் துணி இழுத்துப் பார்த்தோம், சிவப்பு இல்லை. பதினாறாம் நாள் இரண்டாவது தடவை.

மருந்து அடித்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு முட்டையைச் சாப்பிட வேண்டாம், இரண்டாவது தடவைக்குப் பிறகு மறுபடி இரண்டு வாரம் என்று சொன்னேன். இது சட்டப்படியான கணக்கு இல்லை, என் வீட்டுக் கணக்கு. சித்தி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

புண் எப்படி வந்தது என்று கேட்டதற்கு முதலில் முள்வேலி என்றார். முதுகில், இரண்டு பக்கமும், நகம் பிறாண்டிய கோடுகள் இருந்தன. மற்ற பெட்டைகளுக்கும் முதுகில் இறகு இல்லை. சேவலைப் பிடித்து வந்து பார்த்தால் காலில் ஒன்றரை அங்குலத்துக்கு முள்ளு, கத்திபோல். மூன்று கிலோ இருக்கும். நுனியை மட்டும் வெட்டி அரத்தால் மழுக்கிவிட்டேன், ஆனாலும் மேலே ஏறி மிதிக்கிற அந்த எடைக்குப் பெட்டைகள் தாங்காது.

"அப்ப இந்த ஞாயித்துக்கெயம கொழம்பு வெச்சிட்றேன்" என்றார் சித்தி.

"மருந்து அடிச்சிருக்கு, சித்தி."

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சேவல் அதற்குள் திண்ணைமேல் ஏறிக் கூவ ஆரம்பித்திருந்தது.